ஆறவிடும் வேகமும் அலுமினியத் தவாவும்

சென்ற மாதம் ஒரு விற்பனைப் பிரதிநிதி என் கடைக்கு வந்து, "நோபல் பரிசு வாங்கிய உலோகப் பூச்சு, ஒட்டாது, கீறாது" என்று ஒரு தவாவைக் காட்டி, ஐம்பதுக்கு முன்பணம் கேட்டார். பெயர் குவாசி கிரிஸ்டலாம். இரண்டு நாள் தவணை சொல்லி அனுப்பிவிட்டு, ஒரகடத்தில் அலுமினிய வார்ப்படத்தில் வேலை செய்யும் தங்கை மகனை விசாரித்தேன்.

"மாமா, கல்கண்டு நீங்கள் விற்பதுதானே" என்றான். பாகை நாள்கணக்கில் அசைக்காமல் ஆறவிட்டால் சர்க்கரை வரிசையாக அடுக்கிக் கல்கண்டாகிறது. தண்ணீர் வற்றக் காய்ச்சிச் சட்டென்று ஆற்றினால், அடுக்க நேரமின்றிக் கண்ணாடிபோல ஆரஞ்சு மிட்டாய். பதமும் முக்கியம், ஆறும் வேகமும் முக்கியம். உலோகமும் அப்படியே.

இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது நிலை ஒன்று உண்டு. சதுர ஓட்டால் தரையை இடைவெளியின்றிப் பதிக்கலாம், சம ஐங்கோண ஓட்டால் முடியாது. ஆகவே படிகத்தில் ஐந்து மடங்கு ஒழுங்கு வரவே வராது என்றிருந்தார்கள். 1982 ஏப்ரலில் அமெரிக்காவில் டான் ஷெக்ட்மன் அதைக் கண்டார். நூறு அணுவில் சுமார் 14 மாங்கனீஸ், மற்றது அலுமினியம். உருக்கிய குழம்பைச் சுழலும் சக்கரத்தில் பாய்ச்சி, நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி அளவில் குளிர்வித்தார்கள். மெல்ல ஆறினால் சாதாரணப் படிகம்தான். பலர் நம்பவில்லை, 2011-ல் நோபல் கிடைத்தது. நம் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சட்டோபாத்யாய், ரங்கநாதன் குழுவினர் 1985-லேயே இதே உலோகக் கலவையில் பத்து மடங்கு ஒழுங்கைக் கண்டார்கள். இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிறகு 1987-ல் ஜப்பானில் அலுமினியம் 65, செம்பு 20, இரும்பு 15 என்ற கணக்கில் கலந்தபோது அவசரமே தேவைப்படவில்லை. நிதானமாக ஆறினாலும் குவாசி கிரிஸ்டல் நிலைத்தது. கலவை கொஞ்சம் பிசகினால் வேறு படிகம் கலந்துவிடும். ஒரகடம் பக்கம் வாகன உறுப்புக்குப் பெரும்பாலும் சிலிக்கான் சேர்த்த அலுமினியத்தை எஃகு அச்சில் வார்க்கிறார்கள். கலவையும் வேறு, அந்த வேகமும் இல்லை. அங்கே இது விளையாது.

தவா விஷயம்? பிரான்சில் இந்தப் பூச்சுப் பூசிய வாணலிகள் 'சைபர்நாக்ஸ்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது உண்மையே. உப்பு அதிகமான சமையலில் பூச்சு அரிக்கப்பட்டதால் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். புளியும் உப்பும் இல்லாத சமையல் நம் வீட்டில் ஏது?

பிரதிநிதி மறுபடி வந்தபோது, கல்லுப்பு ஒரு பிடியைத் தண்ணீரில் கரைத்து, தவாவில் ஊற்றி இரவு முழுக்க வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். நாளை வருகிறேன் என்று தவாவையும் எடுத்துக்கொண்டு போனார். இதுவரை வரவில்லை.