அந்தமானில் மாரத்தான்: உடன் ஓடும் நண்பர் ஏன் அவசியம்?

ஊர் சுற்றிப் பார்ப்பதையும் மாரத்தான் ஓடுவதையும் ஒரே பயணத்தில் இணைத்துக்கொள்ளும் ஓட்டக்காரர்கள் இந்தியாவில் பலர் உள்ளனர். லடாக்கின் லே நகரில் 2012-ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் மாரத்தானுக்குப் பல மாநிலங்களிலிருந்தும் நண்பர்கள் குழுவாகச் செல்கின்றனர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் மூச்சுத் திணறும் என்பது தெரிந்திருப்பதால், அங்கு செல்வோர் பல நாள்களுக்கு முன்பே சென்று உடலைப் பழக்கிக்கொள்கின்றனர்.

அந்தமான் நிகோபார் தீவுகளுக்கு ஓடச் செல்வோரிடம் அந்த எச்சரிக்கை உணர்வு பெரும்பாலும் இருப்பதில்லை. சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள் சென்றடையலாம். உயரமும் இல்லை, குளிரும் இல்லை. எனினும், 42.195 கி.மீ. தொலைவு ஓடுபவருக்கு அத்தீவுகளின் காற்றில் உள்ள ஈரப்பதமே பெரும் சோதனையாகும்.

ஈரப்பதம் செய்வது என்ன?

ஓடும்போது தசைகள் செலவிடும் ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாக மாறுகிறது. வியர்வை ஆவியாகும்போதுதான் அந்த வெப்பம் உடலை விட்டு வெளியேறுகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து வீணாகிறது; உடல் குளிர்வதில்லை. இதனால், வழக்கமான வேகத்தில் ஓடினாலும் இதயம் கூடுதலாகத் துடிக்க நேரிடுகிறது.

கத்தார் தலைநகர் தோஹாவில் 2019-ஆம் ஆண்டு நடைபெற்ற உலகத் தடகளப் போட்டியில், வெப்பத்தைத் தவிர்ப்பதற்காக மகளிர் மாரத்தான் நள்ளிரவை ஒட்டித் தொடங்கப்பட்டது. அப்போதும் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸுக்கு மேலும், ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேலும் இருந்தது. களமிறங்கிய 68 வீராங்கனைகளில் 28 பேரால் ஓட்டத்தை நிறைவு செய்ய இயலவில்லை. உலகின் தேர்ந்த வீராங்கனைகளுக்கே இந்நிலை ஏற்பட்டது.

முந்தி எழும் சூரியன்

அந்தமான் தலைநகர் ஸ்ரீ விஜயபுரம் (முன்பு போர்ட் பிளேர்) சென்னைக்குக் கிழக்கே 12 பாகைக்கும் அதிகமான தீர்க்கரேகை இடைவெளியில் உள்ளது. ஆயினும் இரு நகரங்களிலும் கடிகாரம் காட்டுவது ஒரே இந்திய நேரம்தான். ஜனவரியில் சென்னையில் காலை 6.30 மணியளவில் உதிக்கும் சூரியன், ஸ்ரீ விஜயபுரத்தில் 5.40 மணியளவிலேயே உதித்துவிடுகிறது. அங்கு காலை 11 மணிக்கு ஓடி முடிப்பவர், சென்னையின் கணக்கில் ஏறக்குறைய நண்பகல் வெயிலில் ஓடி முடிக்கிறார்.

வெப்பத்துக்கு உடல் பழக 10 முதல் 14 நாள்கள் தேவைப்படும். தமிழகக் கடலோர மாவட்டங்களில் பயிற்சி செய்பவர்களுக்கு இப்பழக்கம் ஓரளவு இருக்கும். உதகை, பெங்களூரு போன்ற இடங்களில் இருந்து செல்பவர்கள், இயன்றால் சில நாள்கள் முன்பே சென்று, குறைந்த தொலைவு ஓடிப் பழகுவது நல்லது.

தன் நிலை தனக்குத் தெரியாது

உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைக் கடந்து மூளையின் செயல்பாடு பாதிக்கப்படும் நிலையே ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பவாதம். தள்ளாட்டம், பேச்சில் குழப்பம், காரணமற்ற எரிச்சல் ஆகியவை இதன் தொடக்க அறிகுறிகள். நிற்க வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டிய மூளையே முதலில் தடுமாறுவதால், பாதிக்கப்பட்டவர் தான் நன்றாக இருப்பதாகவே எண்ணி ஓடிக்கொண்டிருப்பார்.

1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் மாரத்தானில், சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் உடல் ஒருபுறம் சாய்ந்த நிலையில் மைதானத்துக்குள் தள்ளாடி வந்தார். உதவ வந்த மருத்துவப் பணியாளர்களை அவர் விலக்கினார். தொட்டால் போட்டியிலிருந்து நீக்கப்படுவோம் என்பதே அவரது அச்சம். கடைசிச் சுற்றை முடிக்க அவருக்கு 5 நிமிடங்களுக்கும் மேலாகியது. 37-ஆவது இடம் பெற்ற அவர் விரைவில் தேறினார் என்றாலும், அவரைப் போல அனைவரும் தேறிவிடுவார்கள் என்று கருத முடியாது.

உடன் ஓடும் நண்பரின் தேவை இங்குதான் எழுகிறது. ஓடுபவரால் காண இயலாத மாற்றத்தை, அவரது இயல்பான நடையையும் பேச்சையும் அறிந்த ஒருவரால் காண இயலும்.

ஓடும் முன் ஓர் உடன்பாடு

நட்பிலும் ஓர் ஆபத்து உண்டு. பணமும் விடுப்பும் செலவிட்டு இவ்வளவு தொலைவு வந்த பிறகு, நண்பரின் ஓட்டத்தைத் தன்னால் கெடுத்துவிடக் கூடாது என்று இருவரும் உபாதையை மறைக்கக்கூடும். எனவே, தொடக்கக் கோட்டுக்கு வரும் முன்பே சிலவற்றைப் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

முதலாவதாக, இருவரில் மெதுவாக ஓடுபவரின் வேகமே இருவருக்கும் உரிய வேகம். முழு வாக்கியமாகப் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

இரண்டாவதாக, 5 கி.மீ.க்கு ஒருமுறை எளிய கேள்வி ஒன்றைக் கேட்க வேண்டும். 'இப்போது எத்தனையாவது கிலோமீட்டர்?', 'நேற்றிரவு என்ன சாப்பிட்டோம்?' போன்றவை போதும். பதில் குழறினால் அத்துடன் ஓட்டம் முடிந்தது.

மூன்றாவதாக, ஒருவர் 'நில்' என்றால் மற்றவர் விவாதமின்றி நிற்க வேண்டும். இருவருமே நிற்க வேண்டும்.

தண்ணீரிலும் அளவு தேவை. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்ததில், 13 சதவீதம் பேருக்குச் சோடியம் அளவு குறைந்திருந்தது. அளவுக்கு அதிகமாக நீர் அருந்தி, ஓட்டத்தின்போது உடல் எடை கூடியவர்களிடம் இப்பாதிப்பு மிகுதியாகக் காணப்பட்டது. தாகத்துக்கு ஏற்ப அருந்துவதே பாதுகாப்பானது.

நண்பர் சரிந்தால்

உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, 112 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும். மருத்துவ உதவி வரும் வரை காத்திராமல் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். பனிக்கட்டி கலந்த நீர்த்தொட்டியில் தலை மூழ்காமல் பிடித்தபடி உடலை அமிழ்த்துவதே சிறந்த முறை. அது இயலாவிடில் உடல் முழுவதும் நீரூற்றி விசிற வேண்டும்; கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் பனிக்கட்டி வைக்க வேண்டும். நினைவு தெளியாதவருக்குக் குடிக்க எதுவும் தரக்கூடாது. வியர்வை வருகிறது என்பதால் ஆபத்தில்லை என்று எண்ணிவிடவும் கூடாது.

அமெரிக்கக் கடற்கரை ஊரான ஃபால்மத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்டில் சுமார் 11 கி.மீ. ஓட்டம் நடைபெறுகிறது. அங்கு 18 ஆண்டுகளில் பதிவான 274 வெப்பவாத நிகழ்வுகள் குறித்த ஆய்வு 2015-இல் வெளியானது. குளிர்ந்த நீரில் உடனடியாக அமிழ்த்தப்பட்ட அனைவரும் உயிர் பிழைத்தனர் என்று அது தெரிவித்தது.

தீவில் இந்த வேகம் மேலும் முக்கியம். அந்தமானின் பெரிய அரசு மருத்துவமனையான ஜி.பி. பந்த் மருத்துவமனை ஸ்ரீ விஜயபுரத்தில் உள்ளது. ஸ்வராஜ் தீவு (ஹேவ்லாக்) போன்ற இடங்களிலிருந்து அங்கு வரக் கடலைக் கடக்க வேண்டும். ஆகவே, பதிவுக் கட்டணம் செலுத்தும் முன்பு, பனிக்கட்டி நீர்த்தொட்டியும் மருத்துவக் குழுவும் பாதையில் எங்கெங்கு இருக்கும் என்று அமைப்பாளர்களிடம் கேட்டறிவது அவசியம். அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் கிடைத்த பிறகு விமானச் சீட்டு எடுக்கலாம்.