உறக்கத்தை அளக்கும் ஓர் இரவு

சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினம் எனப் போற்றும் ஊரே இன்றைய மரக்காணம் என்பர் அறிஞர். ஆங்கு உப்பளத் தொழிலாளர் விடியுமுன் எழுவர். உப்பேற்றிய லாரியை ஓட்டுவோர் இரவிலும் விழித்திருப்பர். அத்தகையோர் பலமாகக் குறட்டை விட்டால் 'அசந்து உறங்குகிறார்' என்கிறோம். அது பிழையாகவும் இருக்கலாம்.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுவதுண்டு. 10 வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கும். மூளை திடுக்கிட்டு எழுப்பும். உறங்குபவரோ அதனை அறியார். விளைவு, பகலில் கண் அயர்தல். வண்டி ஓட்டுபவர்க்கு அவ்வொரு நொடியே உயிருக்கு உலையாகும்.

இதனைக் கண்டறிவதே உறக்க ஆய்வு. சென்னை, புதுச்சேரிப் பெருமருத்துவமனைகளில் இவ்வசதி உண்டு. அன்று பகலுறக்கமும், பிற்பகலில் தேநீரும் காப்பியும் தவிர்த்தல் வேண்டும். தலைக்கு எண்ணெய் தடவலாகாது. தடவின் மின்முனைகள் ஒட்டா. வழக்கமான மருந்துகளை மருத்துவரைக் கேளாது நிறுத்தலும் ஆகாது.

தலை, கண்ணோரம், முகவாய், மார்பு, கால் ஆகியவற்றில் கம்பிகள் ஒட்டப்படும். மூக்கருகே மெல்லிய குழாயும், மார்பிலும் வயிற்றிலும் பட்டையும், விரலில் உயிர்வளி அளக்கும் கவ்வியும் அமையும். ஊசி இல்லை, வலி இல்லை. அடுத்த அறையில் பணியாளர் விழித்திருப்பார். அழைத்தால் கம்பிகளைக் கழற்றிக் கழிவறைக்கு அனுப்புவார். புதிய இடத்தில் உறக்கம் குறையினும் சில மணி நேரப் பதிவே பெரும்பாலும் போதும்.

மணிக்கு 5 தடைகளுக்குக் குறைவெனில் இயல்பு. 30-ஐ எட்டினால் கடுமை. 1981இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய காற்றழுத்தக் கருவி இன்று பலருக்கு நல்லுறக்கம் தருகிறது.

தன் குறட்டையைத் தான் கேட்பார் யாருமிலர். ஆதலின் கேட்கும் நாமே நகையாது எடுத்துரைப்போமாக!