சட்டம் கற்பித்த ஆசிரியர் திறந்துவைத்த வாசல்

 

பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் கல்வி உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு மனுக்கள் வருகின்றன. பொறியியல், நர்சிங், பி.காம்., கம்ப்யூட்டர் என்று பல படிப்புகளுக்கும் கேட்கிறார்கள். சட்டம் படிக்க உதவி கேட்டு வரும் மனு மிக அபூர்வம். ஆனால் ஆண்டு முழுவதும் வேறு சிலர் வந்தபடி இருக்கிறார்கள். பாகம் பிரிக்காத வீடு, பெயர் மாறாத பட்டா, வளைகுடாவில் நின்றுபோன சம்பளம், ஜீவனாம்சம் கிடைக்காத சகோதரி, வக்ஃப் இடத்தில் ஆக்கிரமிப்பு என்று ஆளுக்கொரு பிரச்சினை. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "நம்பிக்கையான வக்கீல் யாராவது இருக்காங்களா?"

வக்கீல் வேண்டும் என்கிறோம், ஆனால் நம் பிள்ளையை வக்கீலாக்க யோசிக்கிறோம். இந்த நிலை மாற வேண்டும் என்பதால், இந்த இதழில் ஒரு சட்டப் பேராசிரியரின் வாழ்க்கையை எழுதுகிறோம். அவர் என்.ஆர். மாதவ மேனன். இந்தியாவில் இன்றுள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு வழி வகுத்தவர்.

அலிகரில் படித்தவர்

மாதவ மேனன் 1935 மே 4 அன்று திருவனந்தபுரத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, தாயின் அரவணைப்பில் வளர்ந்தார். அறிவியல் பட்டமும் சட்டப் பட்டமும் பெற்று, இளம் வயதிலேயே கேரளாவில் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். பிறகு டெல்லியில் மத்திய அரசுப் பணிக்குப் போனார். கையில் இருந்த அரசு வேலையை விட்டுவிட்டு மேலே படிக்க அவர் சென்ற இடம் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம்.

1875இல் சர் சையத் அஹ்மத் கான் ஒரு பள்ளியாகத் தொடங்கி, 1920இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த அந்த நிறுவனத்தில்தான் அவர் சட்டத்தில் முதுகலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்றார். ஆசிரியர் பணியையும் அங்கேதான் தொடங்கினார். நம் சமுதாயம் கட்டிய ஒரு கல்விக்கூடம் நாட்டுக்கே ஒரு சட்ட ஆசிரியரைத் தந்திருக்கிறது என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

பின்னர் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். இடையில் நம் பக்கத்து ஊருக்கும் வந்தார். புதுச்சேரி அரசுச் சட்டக் கல்லூரியின் முதல்வராக அவர் இருந்திருக்கிறார். கடலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய புதுச்சேரிதான் அது.

படிப்பை மாற்றியவர்

அந்தக் காலத்தில் சட்டம் என்பது வேறு இடம் கிடைக்காதவர்கள் சேரும் படிப்பாகவே பல ஊர்களில் கருதப்பட்டது. ஒரு பட்டம் முடித்துவிட்டு மூன்று ஆண்டு படிப்பார்கள். பல கல்லூரிகளில் மாலை வகுப்புதான். நோட்ஸை மனப்பாடம் செய்து தேர்வு எழுதுவார்கள். கட்சிக்காரர் ஒருவரிடமும் பேசாமலே பட்டம் வாங்கிவிடலாம்.

மருத்துவப் படிப்போடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சிதம்பரம் மருத்துவக் கல்லூரி மாணவர் புத்தகத்தை மட்டும் படித்து டாக்டராக முடியுமா? வார்டுக்குப் போக வேண்டும், நோயாளியிடம் பேச வேண்டும். சட்ட மாணவருக்கும் இது பொருந்தும் என்பது மேனனின் கருத்து. டெல்லியில் இருந்தபோதே மாணவர்களை ஏழைகளுக்கான சட்ட உதவிப் பணியில் ஈடுபடுத்தினார். மக்களின் குறையைக் கேட்டு, மனு எழுதி, அதன் வழியாகச் சட்டம் படிப்பது அவருடைய முறை.

சட்டக் கல்வியைச் சீர்படுத்த விரும்பிய இந்திய பார் கவுன்சில், பெங்களூரில் ஒரு முன்மாதிரிக் கல்வி நிறுவனம் அமைக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தது. கர்நாடக அரசு அதற்குத் தனிச் சட்டம் இயற்றியது. 1988இல் இந்திய தேசியச் சட்டப் பள்ளிப் பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பு தொடங்கியது. பேராசிரியர் மேனன் அதன் முதல் துணைவேந்தரானார்.

துணைவேந்தர் என்ற பெயரைப் பார்த்து இரண்டாம் நிலைப் பதவி என்று எண்ணிவிடக் கூடாது. வேந்தர் பதவி பெரும்பாலும் கௌரவப் பதவி. மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆளுநரே வேந்தர். பெங்களூர் சட்டப் பள்ளிக்கு உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி வேந்தர். ஆசிரியர் நியமனம், பாடத்திட்டம், வரவு செலவு, ஒழுங்கு என்று அன்றாட நிர்வாகம் முழுவதும் துணைவேந்தரின் தலையில்தான். நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1950களில் வழக்கறிஞர் சர் சி.பி. ராமசாமி ஐயர் துணைவேந்தராக இருந்தார். அவர் ஏற்கெனவே இருந்த ஒரு பல்கலைக்கழகத்தை நடத்த வந்தவர். மேனனோ ஒன்றுமில்லாத இடத்தில் புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டியிருந்தது.

அவர் செய்த மாற்றங்களில் மூன்று முக்கியமானவை. பிளஸ் டூ முடித்தவுடன் சேரும் ஐந்தாண்டுப் படிப்பை நன்றாக நடத்திக் காட்டினார். சட்டத்தோடு வரலாறு, பொருளாதாரம், சமூகவியல், அரசியல் ஆகியவற்றையும் சேர்த்துக் கற்பித்தார். சட்ட உதவி, நீதிமன்றப் பயிற்சி போன்ற களப்பணியைப் படிப்பின் பகுதியாக்கினார். ஏறத்தாழ 12 ஆண்டுகள் அங்கே இருந்தார். பிறகு கொல்கத்தாவில் தேசிய நீதி அறிவியல் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக 1998 முதல் 2003 வரை பணியாற்றினார். அடுத்து போபாலில் நீதிபதிகளுக்குப் பயிற்சி தரும் தேசிய நீதித்துறை அகாடமியின் இயக்குநரானார். மாணவருக்குக் கற்பித்த ஆசிரியர் கடைசியில் நீதிபதிகளுக்கும் கற்பித்தார்.

நமக்காகவும் எழுதிய அறிக்கை

2006 நவம்பரில் வெளியான நீதிபதி சச்சார் குழு அறிக்கை நம் சமுதாயத்தின் கல்வி, வேலைவாய்ப்பு நிலையை எடுத்துக்காட்டியதை அறிவோம். அதன் பரிந்துரைகளில் ஒன்று, சம வாய்ப்பு ஆணையம் ஒன்றை அமைக்க வேண்டும் என்பது. அந்த ஆணையம் எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய 2007இல் மத்திய சிறுபான்மையினர் நல அமைச்சகம் அமைத்த நிபுணர் குழுவுக்குத் தலைவர் மாதவ மேனன். 2008இல் குழு அறிக்கை தந்தது.

அந்த ஆணையம் ஒரு சமூகத்துக்கு மட்டும் உரியதாக இருக்கக் கூடாது, கல்வியிலும் வேலையிலும் ஒதுக்கப்படும் எந்தப் பிரிவினரும் அணுகக்கூடியதாக இருக்க வேண்டும் என்று குழு சொன்னது. பாகுபாடு என்று குமுறுவதோடு நில்லாமல், அதைத் தரவுகளோடு எடுத்துவைக்க ஓர் இடம் வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்த ஆணையம் இன்னும் சட்டமாகவில்லை. நல்ல அறிக்கை தானாகச் சட்டமாகிவிடாது. அதைக் கையில் எடுத்துப் பேச, எழுத, வாதாடத் தெரிந்தவர்கள் சமுதாயத்தில் வேண்டும்.

அரசு அவருக்கு 2003இல் பத்மஸ்ரீ வழங்கியது. 2019 மே 8 அன்று அவர் காலமானார். மறுஆண்டு பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது.

வாசலில் யார் நுழைகிறார்கள்?

பெங்களூரைப் பார்த்துப் பல மாநிலங்கள் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களைத் தொடங்கின. நம் மாநிலத்துக்குரியது திருச்சியில் இருக்கிறது. ஆனால் ஒரு குறையும் உண்டு. இவற்றில் படித்தவர்கள் பலர் பெரிய நிறுவனங்களின் வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள் உள்ளே வருவதும் குறைவு. நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தில் நடக்கிறது. கட்டணம் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் ஆகிறது.

இந்தக் குறையைத் தீர்க்க முயன்றவர் நம் சமுதாயத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஷம்நாத் பஷீர். கேரளாவைச் சேர்ந்த இவர் பெங்களூர் சட்டப் பள்ளியில் படித்தவர், கொல்கத்தாவில் பேராசிரியராக இருந்தவர். பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்து நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி தர, 2010இல் 'ஐடியா' என்ற அமைப்பைத் தொடங்கினார். 2019இல் அவர் மறைந்த பிறகும் அது இயங்குகிறது. அலிகரில் படித்து அங்கேயே கற்பித்த பேராசிரியர் ஃபைஸான் முஸ்தஃபா ஒடிசா தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகவும், பின்னர் ஹைதராபாத் நல்சார் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். நம்மவர்களால் முடியும் என்பதற்கு இவர்களே சான்று.

நம் பிள்ளைகளுக்கு உள்ள வழிகள்

ஒன்று, கிளாட் என்னும் பொது நுழைவுத் தேர்வு. பெரும்பாலான தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு இதுதான் வழி. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும் எழுதலாம். இப்போதைய முறையில் 2 மணி நேரத்தில் 120 கேள்விகள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். அண்மை ஆண்டுகளில் டிசம்பரில் நடக்கிறது. பிளஸ் டூ படிக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். பிளஸ் ஒன்னிலிருந்தே தினம் ஓர் ஆங்கில நாளிதழ் படிப்பது நல்ல பயிற்சி.

இரண்டு, தமிழ்நாட்டு அரசுச் சட்டக் கல்லூரிகள். ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் சேர்க்கை நடத்துகிறது. கட்டணம் மிகக் குறைவு. 2017இல் தொடங்கிய விழுப்புரம் கல்லூரி நமக்கு அருகில் உள்ளது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அதற்குரிய சாதிச் சான்றிதழைக் கடைசி நேரத்தில் தேடாமல் இப்போதே வாங்கி வையுங்கள். ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள் மூன்றாண்டுப் படிப்பில் சேரலாம்.

"வக்கீல் என்றால் பொய் பேச வேண்டுமே" என்று சில பெரியவர்கள் தயங்குகிறார்கள். பொய்யை மறுத்து உண்மையை நிலைநாட்டவும் வக்கீல்தானே வேண்டும்? "வருமானம் வர நாளாகுமே" என்கிறார்கள் சிலர். உண்மைதான், ஜூனியராக இருக்கும் முதல் சில ஆண்டுகள் சிரமமானவை. ஆனால் வங்கிச் சட்ட அலுவலர், கல்லூரி ஆசிரியர் என்று வேறு பணிகளும் உள்ளன. சில ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு சிவில் நீதிபதித் தேர்வும் எழுதலாம். பெண் பிள்ளைகளை அனுப்பலாமா என்றும் கேட்கிறார்கள். தன் குடும்பக் கதையை ஒரு பெண் வக்கீலிடம் தயங்காமல் சொல்ல நம் சகோதரிகள் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதை அறக்கட்டளையில் இருந்து நாங்கள் பார்க்கிறோம்.

அதுவரை வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் என்ன செய்வது? 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இலவச சட்ட உதவி தருகிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லை. மாற்றுத்திறனாளிகளும், வெள்ளம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களும் இதைப் பெறலாம். சுனாமியும் புயலும் வெள்ளமும் கண்ட நம் மாவட்டத்தார் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கடலூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணையமும், சிதம்பரத்தில் வட்டக் குழுவும் உள்ளன. 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், ஆணோ பெண்ணோ, இந்தக் கட்டுரையைப் படிக்கக் கொடுங்கள். சட்டம் படிக்க விருப்பமுள்ளவர்கள் பெற்றோருடன் அறக்கட்டளைக்கு வாருங்கள். விண்ணப்பம் நிரப்பவும், சான்றிதழ் வாங்கவும், கட்டணத்துக்கு இயன்ற உதவி செய்யவும் நாங்கள் இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.