கணினி வீடு மாறும்போது



மதுரைக்குப் புதிதாக வந்த ஒருவர் சித்திரைத் தேரைக் காண விரும்பி, பெயரை நம்பிச் சித்திரை வீதியில் போய் நின்றாரானால் ஏமாந்து போவார். சித்திரைத் திருவிழாவின் தேர் மாசி வீதிகளில்தான் வலம் வருகின்றது. ஒரு பெயருக்குள் காலத்தையோ இடத்தையோ பொதித்து வைத்தால், அவை மாறிய பின்னர் அப்பெயரே நம்மை வழி தவறச் செய்துவிடும். கணினி வலையமைப்புகளிலும் இத்தொல்லை உண்டு.

ஒரு பெரிய கல்லூரியில் நூற்றுக்கணக்கான கணினிகள் இருக்கின்றன எனக் கொள்வோம். மாணவர்களின் கோப்புகளை அவரவர் அமரும் கணினியில் வைப்பதில்லை. சில பெரிய கணினிகளில் வைத்துக் கேட்டபோது வழங்குவர். இவற்றிற்குக் கோப்பு வழங்கிகள் என்று பெயர். ஒவ்வொரு வழங்கிக்கும் ஐ.பி. முகவரி என்னும் எண் உண்டு. பெரும்பான்மை வழக்கில் அது, 0 முதல் 255 வரையுள்ள நான்கு எண்களின் வரிசை. அவ்வெண் கணினியின் பெயரன்று. வலையமைப்பில் அது நிற்கும் இடத்தையே குறிப்பது. ஆகவே வழங்கியை வேறொரு கட்டடத்திற்கு மாற்றினாலும், வலையமைப்பைப் புதிதாகப் பிரித்து அமைத்தாலும், எண்ணும் மாற நேரிடுகின்றது.

அவ்வாறு மாறினால் நேர்வது யாது? 1984ஆம் ஆண்டு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கிய என்.எஃப்.எஸ். என்னும் முறையின் பழைய வழக்கப்படி, எந்தக் கோப்பகம் எந்த வழங்கியில் உள்ளது என்பதை ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியே சொல்லி வைக்க வேண்டும். சிம்மக்கல்லில் இருந்த குடும்பம் திருநகருக்குக் குடிபெயர்ந்தால், உறவினர் அத்தனை பேருக்கும் கடிதம் எழுதுவது போன்றது இது. ஒருவருக்கு எழுத மறந்தால் அவர் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார். ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டிய நாளன்று ஒரு மாணவனுக்கு இந்நிலை வந்தால் அவன் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். அவனுடைய எழுத்து ஓர் எழுத்துக்கூட அழியவில்லை. வட்டில் பத்திரமாகவே இருக்கின்றது. ஆனால் அதை எட்டும் வழி அவனுக்கு இல்லை.

இதற்கு மாற்று கண்டவர்களுள் ஒருவர் நம் நாட்டவர். மகாதேவ் சத்தியநாராயணன், சென்னையில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று, பின் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் சென்றவர். அங்கே ஐ.பி.எம். நிறுவனத்தின் துணையோடு 1980களில் உருவானது ஆண்ட்ரூ கோப்பு முறைமை. ஆண்ட்ரூ கார்னெகி, ஆண்ட்ரூ மெலன் ஆகிய இருவரின் பெயரால் அமைந்த பெயர் அது. அதனை ஆக்கிய சத்தியநாராயணனுக்கும் அவருடைய தோழர்களுக்கும் கணினியியலின் பெருஞ்சங்கமான ஏ.சி.எம். 2016ஆம் ஆண்டிற்கான மென்பொருள் அமைப்பு விருதை வழங்கியது.

ஆண்ட்ரூ முறையில் கோப்பின் பெயரில் வழங்கியின் பெயரோ எண்ணோ வருவதில்லை. கோப்புகள் தொகுதிகளாகக் கட்டப்பட்டிருக்கும். எந்தத் தொகுதி எந்த வழங்கியில் உள்ளது என்பதை இருப்பிடப் பதிவேடு ஒன்று கூறும். மாணவன் கோப்பைக் கேட்டால், அவனுடைய கணினி முதலில் பதிவேட்டை வினவி, பிறகு உரிய வழங்கியை நாடும். குடிபெயர்ந்தவர் ஓரிடத்தில் மட்டும் சொன்னால் போதும்.

முற்காலப் பதிப்புகளில் அப்பதிவேட்டிலேயே வழங்கிகள் ஐ.பி. எண்ணால் குறிக்கப்பட்டிருந்தன. எனவே எண் மாறியதும் மேற்பார்வையாளர் ஒரு கட்டளையிட்டுத் திருத்த வேண்டியிருந்தது. பின்னர் வழங்கி ஒவ்வொன்றுக்கும் என்றும் மாறாத நீண்ட அடையாள எண் ஒன்றைத் தந்தனர். அது வழங்கியின் வட்டிலேயே ஒரு சிறு கோப்பில் எழுதப்பட்டிருக்கும். வழங்கி விழித்தெழும்போது, "இன்ன அடையாளம் உடைய நான் இப்போது இன்ன முகவரியில் இருக்கின்றேன்" என்று பதிவேட்டுக்குத் தானே தெரிவிக்கும். பதிவேடு பழைய எண்ணை நீக்கிப் புதியதை எழுதிக்கொள்ளும். பழைய இருப்பிடத்தை நினைவில் வைத்திருக்கும் கணினிகளும் ஏறத்தாழ மணிக்கு ஒருமுறை அந்நினைவை உதறிவிட்டு மீண்டும் பதிவேட்டைக் கேட்கும். அதுவரை பொறுக்க இயலாதவருக்கு, உடனே உதறச் செய்யும் கட்டளையும் உண்டு.

இங்கே ஓர் இடறல் உண்டு. புதிய வழங்கி அமைப்பவர் வேலை எளிதாகட்டும் என்று பழைய வழங்கியின் வட்டை அப்படியே படியெடுத்தால், அந்த அடையாளக் கோப்பும் உடன் சென்றுவிடும். ஒரே அடையாளத்தோடு இருவர் வந்து நின்றால் பதிவேடு என் செய்யும்? கடைசியாகச் சொன்னவரின் முகவரியை எழுதி வைக்கும். மற்றவரிடமுள்ள தொகுதிகளைத் தேடுவோர் அலைவர். படியெடுத்த வட்டில் அக்கோப்பை முதலில் அழிக்க வேண்டும் என்று கையேடுகள் எச்சரிக்கின்றன. என் கருத்தில், முகவரி மாற்றத்தைக் காட்டிலும் இச்சோம்பலே பெரிய தீங்கு.

இனி ஒரு கேள்வி. எல்லோரையும் பதிவேட்டைக் கேட்கச் சொன்னோம். அப்பதிவேட்டை வைத்திருக்கும் கணினியே வீடு மாறினால்? அதன் எண்ணை எங்கேயாவது எழுதித்தானே வைத்திருக்க வேண்டும்? ஆம், ஒவ்வொரு பயனர் கணினியிலும் ஒரு பட்டியலில் அவ்வெண் இருக்கின்றது. அத்தனையையும் திருத்தியாக வேண்டும். நாம் தவிர்க்க நினைத்த கடிதம் எழுதும் வேலை இவ்வொரு வகைக் கணினிக்கு மட்டும் எஞ்சி நிற்கின்றது. இணையப் பெயர்ப் பதிவகத்தைக் கேட்டறியச் செய்து அதையும் குறைக்கலாம்.

பதிவேட்டுக் கணினிகளைப் பெரும்பாலும் மூன்றாக வைப்பர். அவை தமக்குள் வாக்களித்து ஒன்றைத் தலைமையாகத் தேரும். பெரும்பான்மை இருந்தால்தான் பதிவேட்டில் எழுத முடியும். வாக்குகள் சமமாகும் நிலையில், எண்ணில் சிறிய முகவரி உடையதன் வாக்குக்குச் சற்றுக் கூடுதல் மதிப்பு. ஆதலால் முகவரியை மாற்றுவது தலைமையையும் மாற்றிவிடக் கூடும். இதனால்தான் தேர்ந்த மேற்பார்வையாளர் மூன்றையும் ஒருசேர நகர்த்துவதில்லை. ஒன்றை மாற்றி, சேவைக் கணினிகள் எல்லாவற்றிலும் பட்டியலை ஒன்றுபோல் திருத்தி, புதிய தேர்தல் முடிந்து பதிவேடு எழுதத் தொடங்கியதைக் கண்ட பின்னரே இரண்டாவதைத் தொடுவர்.