மெக்சிகோவின் இறந்தோர் நாளும் ஒரு குவளை மதுவும்



சென்ற ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைத் தோட்டத்தில் திருப்பலி முடித்து, கல்லறைகளை மந்திரித்துவிட்டுத் திரும்பும்போது ஒரு தாய் என்னை நிறுத்தினார். அவருடைய பேரன் 'கோகோ' (2017) என்ற திரைப்படத்தைப் பார்த்துவிட்டு, மெக்சிகோ நாட்டுக் கல்லறைகளின் படங்களைக் கைப்பேசியில் தேடிக் காட்டியிருக்கிறான். பூவும் மெழுகுதிரியும் சிலுவையும் இருக்கின்றன. அவற்றின் நடுவே ஒரு மதுப்புட்டியும் இருக்கிறது. "சாமி, அவுங்களும் நம்ம வேதக்காரங்கதானே? செத்தவங்களுக்குச் சாராயம் வைக்கலாமா?" என்றார். நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் அடுத்த கேள்வியும் வந்தது. "எங்க வீட்டுக்காரர் குடிச்சே செத்தாரு. அப்படிப்பட்டவருக்கு அங்க என்ன வைப்பாங்க?"

முதல் கேள்விக்கு ஓரளவு பதில் தெரியும். இரண்டாவது கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இந்த நவம்பர் மாதச் சிந்தனையை அந்தத் தாய்க்கு நான் பட்ட கடனாக எழுதுகிறேன்.

மெக்சிகோ மக்கள் நம் வேதக்காரர்கள்தாம். 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே நூற்றுக்கு ஏறத்தாழ 78 பேர் கத்தோலிக்கர்கள். நவம்பர் 1, 2 ஆகிய இரு நாள்களும் அவர்களுக்கு இறந்தோர் நாள்கள். முதல் நாள் இறந்த குழந்தைகளுக்கு உரியது. அவர்களை 'சின்ன வானதூதர்கள்' என்று அழைக்கிறார்கள். இரண்டாம் நாள் பெரியவர்களுக்கு உரியது. இந்த வழக்கத்தை யுனெஸ்கோ நிறுவனம் 2008-இல் மனிதகுலப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. நவம்பர் 2-ஐ இறந்தோர் நினைவாகக் கடைப்பிடிக்கும் முறையைப் பரப்பியவர் குளூனி மடத்தின் அதிபர் புனித ஓடிலோ என்பதையும், அது ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்பதையும் நாம் அறிவோம். அந்த நாளையே ஸ்பெயின் நாட்டு மறைப்பணியாளர்கள் மெக்சிகோவுக்குக் கொண்டு சென்றார்கள்.

வீட்டில் ஒரு மேசையைப் பலிபீடம்போல் அலங்கரிக்கிறார்கள். பாடுபட்ட சிலுவை அல்லது மாதாவின் படம், இறந்தவரின் நிழற்படம், மஞ்சள் நிறச் செவ்வந்திப் பூக்கள் (நம் ஊர்த் துலுக்கச் சாமந்தி வகைதான்), மெழுகுதிரிகள், கொப்பால் என்னும் சாம்பிராணி, உப்பு, அந்த நாளுக்கென்றே சுடப்படும் ரொட்டி இவையெல்லாம் அதில் இருக்கும். ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் கட்டாயம் உண்டு. நெடுந்தூரம் நடந்து வரும் ஆன்மா முதலில் தாகம் தீர்க்க வேண்டுமாம். பிறகு இறந்தவர் விரும்பி உண்டவை. அவர் குடிப்பவராக இருந்தால் அவர் குடித்த வகையிலேயே ஒரு குவளை. சில ஊர்களில் யாருமற்ற ஆன்மாக்களுக்கென்று, செபிக்க ஆளில்லாதவர்களுக்கென்று, தனியே ஒரு மெழுகுதிரியும் தண்ணீரும் ரொட்டியும் வைக்கிறார்கள். இந்த ஒரு பழக்கத்தை மட்டுமாவது நாம் அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் குவளையில் இருப்பது என்ன? மிகப் பழையது புல்கே. நம் ஊரில் வேலி ஓரத்திலும் இரயில் பாதை ஓரத்திலும் முள் நுனியோடு நிற்கும் ஆனைக்கற்றாழையை எல்லாரும் பார்த்திருப்போம். அதன் தாயகமே மெக்சிகோதான். அந்த இனக் கற்றாழை பத்து ஆண்டு வளர்ந்து, பூத்தண்டு விடப்போகும் நேரத்தில் அதன் குருத்தை வெட்டி, நடுவில் குழி தோண்டி விடுவார்கள். குழியில் இனிப்பான சாறு ஊறும். அதற்குப் பெயர் 'தேன் தண்ணீர்'. தொழிலாளி காலையும் மாலையும் வந்து நீண்ட சுரைக்குடுக்கையால் அதை உறிஞ்சி எடுப்பார். சில மாதங்கள் இப்படிச் சாறு கொடுத்துவிட்டு அந்தச் செடி செத்துப்போகும். சாறு புளித்தால் பால்போல் வெளுத்த, சற்றே கொழகொழப்பான புல்கே கிடைக்கும். பதநீருக்கும் கள்ளுக்கும் உள்ள உறவுதான் இது. போதையும் ஏறத்தாழ கள்ளின் அளவுதான்.

புல்கே புழங்கிய அந்த நாட்டில் குடிக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது என்பதைப் பலரும் அறிவதில்லை. ஸ்பானியர் 1521-இல் கைப்பற்றுவதற்கு முன் ஆண்ட அஸ்தெக்கு மக்களிடையே புல்கே சடங்குக்கு உரியது. கண்டபடி குடித்தவருக்குத் தண்டனை உண்டு. உயர்குடியினர் குடிவெறியில் பிடிபட்டால் உயிரே போகும். வெற்றிக்குப் பின் 1540-களில் வரையப்பட்ட மெந்தோசா ஓவியச்சுவடியில் எழுபது வயது நிறைந்த முதியவரும் மூதாட்டியும் குடிக்கும் காட்சி இருக்கிறது. உழைத்து முடித்த வயதில் அவர்களுக்குக் கிடைத்த அனுமதி அது. வெற்றி கொண்டவர்கள் வந்த பிறகு இந்தக் கட்டுப்பாடு குலைந்தது. கொள்ளைநோயும் கட்டாய உழைப்பும் மக்களை நொறுக்கிய அதே காலத்தில் மது எவருக்கும் கிடைக்கும் பொருளானது. மறைப்பணியாளர்கள் இதை எழுதி வருந்தியிருக்கிறார்கள்.

பன்னிரண்டு பிரான்சிஸ்கன் துறவிகள் 1524-இல் மெக்சிகோவில் வந்து இறங்கினார்கள். பின்னர் வந்த தோமினிக் சபைத் துறவி தியேகோ துரான் என்பவர், மக்கள் நவம்பர் மாதத்தில் குழந்தைகளுக்கு ஒரு நாளும் பெரியவர்களுக்கு ஒரு நாளும் காணிக்கை படைப்பதைக் கண்டு சந்தேகப்பட்டார். முன்பு ஆகஸ்டு வாக்கில் அவர்கள் கொண்டாடிய இறந்தோர் விழாவைத்தான் நம் திருநாளுக்குள் மறைத்து வைத்திருக்கிறார்களோ என்பது அவருடைய ஐயம். அவர் ஐயத்தில் உண்மை இருந்திருக்கலாம். ஆனால் நானூற்று ஐம்பது ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாகச் சிலுவைக்கு முன்னால் செபமாலை சொல்லிக்கொண்டே அந்த மேசையை அலங்கரித்தவர்களின் விசுவாசமும் உண்மைதானே. எது பழையது எது புதியது என்று இன்று பிரித்து எடுப்பது, கலந்த பாலையும் நீரையும் பிரிப்பது போன்றது.

இன்று பெரும்பாலான மேசைகளில் இருப்பது மெஸ்கால் அல்லது தெக்கீலா. தெக்கீலா என்பதும் மெஸ்காலில் ஒரு வகைதான். ஹலிஸ்கோ பகுதியின் நீலக் கற்றாழையிலிருந்து செய்யப்படுவது. வாஹாக்கா மாநிலக் கிராமங்களில் கற்றாழையின் அடிக்கிழங்கைச் சூடான கற்கள் நிறைந்த மண்குழியில் போட்டு மூடிப் பல நாள் வேக வைக்கிறார்கள். பிறகு குதிரை இழுக்கும் கல்சக்கரத்தால் நசுக்கி, மரத்தொட்டியில் புளிக்க வைத்து, செம்பு அல்லது மண் கலத்தில் இருமுறை காய்ச்சி வடிக்கிறார்கள். இப்படிக் காய்ச்சி வடிக்கும் கலையில் நம் கீழ்த்திசைக்கும் பங்கு உண்டு. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அக்காபுல்கோவுக்கும் இடையே ஓடிய கப்பல்களில் வந்த பிலிப்பீன்ஸ் நாட்டவர், கொலிமா கடற்கரையில் தென்னங்கள்ளிலிருந்து சாராயம் காய்ச்சினார்கள். அவர்களுடைய கலன்களே மெஸ்காலுக்கு வழிகாட்டின என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

அம்மக்கள் மெஸ்காலை மடமடவென்று விழுங்குவதில்லை. முதலில் சில துளிகளை மண்ணில் சிந்துகிறார்கள். இறந்தவர் நறுமணத்தை மட்டும் எடுத்துக்கொள்வார் என்பது நம்பிக்கை. படைத்த உணவில் பிறகு சுவை இருக்காது என்றுகூடச் சொல்வார்கள். விழா முடிந்ததும் உறவினரும் அயலாரும் அதைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அப்போது இறந்தவரைப் பற்றிப் பேச்சு எழுகிறது. அவர் எப்படிச் சிரித்தார், எந்தத் திருமணத்தில் ஆடினார், யாரோடு சண்டை போட்டார் என்றெல்லாம். குவளை அங்கே செய்யும் வேலை இதுதான். 'இறந்தோர்' என்ற பொதுப் பெயருக்குள் கரைந்துவிடாமல், அது இன்ன தகப்பன், இன்ன தாத்தா என்று ஒருவரைத் தனியே அடையாளம் காட்டுகிறது.

நம் திருவிவிலியம் இதைப் பற்றி ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் கவனியுங்கள். நேர்மையாளரின் கல்லறையில் உணவைத் தாராளமாய்ப் படைக்கும்படி தோபித்து தம் மகனுக்குச் சொல்கிறார் (தோபி 4:17). பழைய இலத்தீன் மொழிபெயர்ப்பாகிய வுல்காத்தாவில் அப்பத்தோடு திராட்சை இரசமும் சேர்ந்திருக்கிறது. சீராக்கின் ஞானமோ கல்லறையில் வைத்த உணவால் பயனில்லை என்பதுபோல் பேசுகிறது (சீரா 30:18). தந்தையையோ தாயையோ இழந்தவருக்கு அளிக்கும் ஆறுதலின் கிண்ணத்தைப் பற்றி எரேமியா குறிப்பிடுகிறார் (எரே 16:7). அந்தக் கிண்ணம் உயிரோடிருப்பவருக்கு உரியது.

இந்தக் குழப்பத்தை நேரில் சந்தித்தவர் புனித மோனிக்கா. ஆப்பிரிக்காவில் வழக்கமாகச் செய்ததுபோல, மிலான் நகரிலும் அவர் கூழும் அப்பமும் திராட்சை இரசமும் எடுத்துக்கொண்டு மறைசாட்சிகளின் நினைவிடங்களுக்குச் சென்றார். வாயில் காப்போன் தடுத்தான். ஆயர் புனித அம்புரோசியாரின் தடை அது. குடிகாரர்களுக்கு இது ஒரு சாக்காகிவிடும் என்பதும், புற இனத்தார் முன்னோருக்குச் செய்த சடங்கைப்போல் இருக்கிறது என்பதும் காரணங்கள். மோனிக்கா வாக்குவாதம் செய்யவில்லை. கூடையை வீட்டில் வைத்துவிட்டு மன்றாட்டுகளை எடுத்துச் சென்றார். கையில் இருந்ததை ஏழைகளுக்குக் கொடுத்தார். இதையெல்லாம் அவருடைய மகன் புனித அகுஸ்தினாரே 'ஒப்புதல்கள்' என்னும் தம் நூலின் ஆறாம் பகுதியில் எழுதி வைத்திருக்கிறார். தம் தாய் எடுத்துச் சென்றது ஒரே ஒரு சிறு கிண்ணம், அதுவும் தண்ணீர் கலந்தது என்று அக்கறையோடு சேர்த்துச் சொல்கிறார். அம்மாவைப் பற்றி யாரும் தவறாக நினைத்துவிடக் கூடாதே!

திருச்சபை அன்று கிண்ணத்தைக் கண்டு பயப்படவில்லை. கிண்ணத்திற்குப் பின் நடப்பதைக் கண்டு பயந்தது. மெக்சிகோவிலும் அந்தப் பயத்திற்கு இடம் உண்டு. தென்கோடியில் சியாபாஸ் மலைப்பகுதியில் வாழும் மாயா இன மக்கள் 'போஷ்' என்னும் கரும்புச் சாராயத்தைச் செபத்திலும் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் மொழியில் அச்சொல்லுக்கு 'மருந்து' என்றும் பொருள். ஆனால் காப்பித் தோட்டங்களுக்கு ஆள் பிடித்தவர்கள் இதே சாராயத்தைக் கடனாக ஊற்றிக் கொடுத்தே அந்த மக்களை அடிமைகளாக்கினார்கள். குடித்த கணவனின் கடனை மனைவியும் பிள்ளைகளும் சுமந்தார்கள். அடியும் வாங்கினார்கள். எனவே பிற்காலத்தில் அங்குள்ள கத்தோலிக்க வேதியர்களும் பெண்களும் போஷை அறவே விட்டார்கள். சடங்குக்கு அதன் இடத்தில் குளிர்பானம் வைத்தவர்களும் உண்டு. 1994-இல் கிளர்ந்தெழுந்த சபதிஸ்தா இயக்கத்தின் கிராமங்களில் மது தடை செய்யப்பட்டதற்கும் பெண்களின் வற்புறுத்தலே முக்கியக் காரணம். குவளையை வைத்தவர்களும் குவளையை எடுத்துவிட்டவர்களும் ஒரே மக்கள், ஒரே இறந்தோரை நினைப்பவர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 'புனித சாவு' என்று ஓர் எலும்புக்கூட்டுச் சிலைக்குத் தெக்கீலாவும் சிகரெட்டும் படைத்து வரம் கேட்கும் வழிபாடு அங்கே பரவியிருக்கிறது. அது வேறு, இறந்தோர் நாள் வேறு. கர்தினால் ரவாசி 2013-இல் அதை இறைநிந்தை என்றே கண்டித்தார். இணையப் படங்களைப் பார்க்கும் நம் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். மெக்சிகோ நகரில் ஆண்டுதோறும் நடக்கும் பெரிய எலும்புக்கூட்டு ஊர்வலமும் பழைய மரபன்று. ஒரு ஜேம்ஸ்பாண்ட் படத்தில் கற்பனையாகக் காட்டியதைப் பார்த்து 2016-இல் தொடங்கியது அது!

இறந்தோருக்கு நம்மால் உதவ முடியும் என்பது நம் விசுவாசம். அந்த உதவிகளில் முதன்மையானது திருப்பலி என்று திரிதெந்துப் பொதுச்சங்கம் 1563-இல் போதித்தது. யூதா மக்கபே பாவத்தோடு இறந்த தம் வீரர்களைக் கைவிடவில்லை. பணம் திரட்டிப் பலி ஒப்புக்கொடுக்க அனுப்பினார் (2 மக் 12). அவர்கள் உடைக்குள் சிலைகளை மறைத்து வைத்திருந்தவர்கள் என்பது தெரிந்த பிறகுதான் அப்படிச் செய்தார். அந்தத் தாயின் இரண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல இடத்தை என்னால் காட்ட முடியவில்லை. தன்னைக் கொன்ற பொருளையே ஒருவர் நினைவாக வைக்க வேண்டும் என்று எந்த மெக்சிகோ வழக்கமும் கட்டாயப்படுத்தவில்லை. தண்ணீர்க் குவளை எல்லாருக்கும் உண்டு. குடித்துச் செத்தவருக்கும் தாகம் உண்டு. அவர் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்குப் போன நாள்களும் இருந்திருக்குமே. அதை நினைவுபடுத்தும் ஒரு பொருள் வீட்டில் இல்லாமலா போகும்?

இந்த ஆண்டு மீண்டும் அவரைச் சந்தித்தபோது இவற்றைச் சுருக்கமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை. போன வாரம் நவம்பர் 2-ஆம் நாள் திருப்பலிக்கான கருத்துச் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். கணவர் பெயருக்குக் கீழே இன்னும் இரண்டு ஆண்களின் பெயர்கள் இருந்தன. "யாரம்மா இவங்க?" என்றேன். "அவரோட சேர்ந்து குடிச்சவங்க சாமி. ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்துட்டாங்க. அவங்களுக்கு எழுதிக் கொடுக்க யாருமில்ல" என்றார்.