ரகசிய அறையில் ஒரு பெயர்!

வீடியோ விளையாட்டுப் பிரியர்கள் "ஈஸ்டர் முட்டை" என்பார்கள். இது தின்கிற முட்டை அல்ல! விளையாட்டுக்குள் ஒளித்து வைத்த ரகசியம்.

அமெரிக்காவில் அடாரி கம்பெனியில் வேலை பார்த்தவர் வாரன் ராபினெட். "அட்வெஞ்சர்" என்ற விளையாட்டைத் தனி ஆளாக உருவாக்கினார். ஆனால், உருவாக்கியவர் பெயரைக் கம்பெனி அந்நாளில் வெளியிடுவது இல்லை.

ராபினெட் என்ன செய்தார் தெரியுமா? விளையாட்டுக்குள் ரகசிய அறை ஒன்று அமைத்து, அதில் தன் பெயரை எழுதிவிட்டார். கண்ணுக்குச் சட்டென்று புலப்படாத ஒரு புள்ளிதான் அதற்குச் சாவி! யாரிடமும் மூச்சு விடவில்லை. 1979-ல் வேலையை விட்டார்.

1980-ல் ஒரு சிறுவன் அந்த அறையைக் கண்டுபிடித்துக் கம்பெனிக்குக் கடிதம் போட்டான். பெயரை நீக்கச் செலவு அதிகம். ஈஸ்டர் பண்டிகையில் முட்டைகளை ஒளித்து வைத்துக் குழந்தைகளைத் தேடச் சொல்வார்கள். அதுபோல் இதுவும் இருக்கட்டும் என்றார், ஸ்டீவ் ரைட் என்ற அதிகாரி. பெயர் தப்பியது!