மலையும் மரக்கலமும்

ஊவா மாகாணத்துக்குக் கடற்கரை இல்லை. பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு ஏறும் பாதையில் எங்கே நின்று நோக்கினாலும் தேயிலையும் மலையுமே தென்படும். ஆயினும் அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களின் பூர்வீகத்தைத் துருவினால், முன்னோர் ஒருவர் கடல் கடந்த செய்தி வந்தே தீரும். ஆகவே மரக்கலத்தின் வரலாறு துறைமுகத்தாருக்கு மட்டும் உரியதன்று. மலைநாட்டாருக்கும் அது குலவரலாறே.

மரங்களைச் சேர்த்துக் கட்டி அதன்மேல் ஏறிச் செல்வதே கடற்பயணத்தின் பால பாடம். கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல்லை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டனர். ஆனால் இரட்டை உடல் கொண்ட வேறொரு கலத்துக்கு அதனைச் சூட்டிவிட்டனர் என்பது வேடிக்கை. பின்னர்ப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த கலங்கள் இந்துமாக்கடலில் நெடுங்காலம் ஓடின. ஆணி அடிக்காத கலமா என்று இகழ வேண்டியதில்லை. அலை மோதும்போது தைத்த பலகை சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். ஊவாவுக்குத் தெற்கே, கொடவாய என்னும் பழந்துறைக்கு அப்பால், கடலடியில் ஒரு கலம் கிடக்கிறது. கண்ணாடிக் கட்டிகளும் அரைகற்களும் ஏற்றிச் சென்ற அது, 2,000 ஆண்டுகளுக்கு முன் மூழ்கியது. இந்துமாக்கடலில் இதுவரை கண்டறியப்பட்ட கப்பற் சிதைவுகளுள் அதுவே மிகப் பழையது.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட கடல் ஆழமற்றது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் பிளினி என்னும் ரோமானியர் இதனைக் குறித்திருக்கிறார். ஒடுங்கிய நீர்வழியில் கலத்தைத் திருப்ப நேராதபடி, இங்குள்ள கப்பல்களுக்கு இரு முனையிலும் முகப்பு உண்டு என்றும், மாலுமிகள் பறவைகளைக் கொண்டுசென்று பறக்கவிட்டு, அவை செல்லும் திசையைக் கொண்டு கரையை அறிவர் என்றும் அவர் எழுதினார். கடலின் ஆழமே கலத்தின் வடிவை வகுக்கும் என்ற உண்மை இதில் அடங்கியிருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்கள் எழுந்தபோதும் இவ்வாழமற்ற கடலைத் தாண்டத் தோணியே உதவிற்று. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி முதலிய சீமைகளிலிருந்து புறப்பட்டோர் கரைவரை நடந்து, தோணியேறி மன்னார்ப் பக்கம் இறங்கினர். தோணி காற்றின் தயவை நம்பியது. காற்று மாறினால் காத்திருக்கத்தான் வேண்டும். எனினும் கடலினும் கொடியது கரைக்கு அப்பாலிருந்த காடு. தண்ணீர் கிடையாத வழியில் மாத்தளை வரை நடக்கவேண்டும். வாந்திபேதியும் காய்ச்சலும் பலரை வழியிலேயே வீழ்த்தின. பதுளைக்கு வரவேண்டியவருக்கோ அதன் பிறகும் மலை காத்திருந்தது.

நீராவிக் கப்பல் காற்றுக்குக் காத்திருப்பதில்லை. ஆனால் பெரிய கப்பலுக்கு ஆழமான துறை வேண்டும். 1869இல் சுயஸ் கால்வாய் திறந்தது. 1875இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தூத்துக்குடியில் ஏறிக் கொழும்பில் இறங்கும் வழி வளர்ந்தது. இவ்வழியிலே வெள்ளையர் கம்பெனிக்குப் போட்டியாகக் கப்பல் விட 1906இல் வ.உ. சிதம்பரம்பிள்ளை சுதேசிக் கம்பெனி தொடங்கியதும், அதன் பயனாக அவர் சிறையேகியதும் யாவரும் அறிந்தவை. பாய்க்கப்பலும் உடனே மாண்டுவிடவில்லை. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

1914இல் புகையிரதமும் கப்பலும் கைகோத்தன. தனுஷ்கோடி வரை இரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு 20 மைல் அளவே கடல், பின்னர் மீண்டும் இரயில். 1924இல் இருப்புப்பாதை பதுளையை எட்டியதும் காட்டுவழி நடை பழங்கதையாயிற்று. பயணம் எளிதாயிற்றேயன்றிப் பயணியின் நிலை உயர்ந்துவிடவில்லை. மண்டபம் முகாமில் தொழிலாளர் தடுத்துவைக்கப்பட்டு, நோய் உண்டா என்று சோதிக்கப்பட்டனர். இன்ன தோட்டத்துக்குரியவர் என்று காட்ட இலக்கமிட்ட தகரவில்லையை உடன் கொண்டுவரும் முறையும் இருந்தது. சரக்குக்குச் சீட்டுக் கட்டுவதற்கும் இதற்கும் அதிக வேற்றுமை இல்லை.

அதே கடல்வழி பின்பு எதிர்த்திசையில் ஓடிற்று. 1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டும் என்பது அதன் விதி. இரண்டு மாதம் நிறைவதற்குள், டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. துறை இராமேஸ்வரத்துக்கு மாற, ‘இராமானுஜம்’ என்னும் கப்பல் மக்களை ஏற்றிச் சென்றது. அவர்களுள் மிகப் பலர் தேயிலைக் கொழுந்தின் நடுவே பிறந்து, கடலை அன்றுதான் முதன்முறை கண்டவர்கள். மலைநாட்டு நிலையங்களிலிருந்து அவர்களைக் கொண்டுசென்ற இரயிலுக்கு ‘அழுகைக் கோச்சி’ என்ற பெயர் வழங்கிற்று. 1980களில் போர் மூண்டபோது அக்கப்பலும் நின்றது. இலங்கைக்கு வருவோரைச் சோதித்த அதே மண்டபம் முகாமில், இலங்கையிலிருந்து படகேறிச் சென்ற அகதிகள் தங்கவைக்கப்பட்டனர்.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கப்பட்டது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்டது. பதுளையிலிருந்து அக்கப்பலுக்குச் செல்ல விரும்புவோர் பாட்டனார் வந்த மன்னார் வழியை விட்டு, யாழ்ப்பாணம் வரை போகவேண்டும்.